தலைகீழ் ஒன்பது

அந்த ஆஸ்பத்திரியில் ஆணி என்றால் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்தது. அதைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் ஆபீஸ் கிளார்க். மற்றவர்களுக்கு அவர் ஆணிதான். வேலை செய்யும்போது உதட்டில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டு அவற்றின் இடுக்கு வழியாகவே பேசிச் சமாளிப்பார். தச்சராகச் சேர்ந்தவர். நாளடைவில் பூட்டு, கொக்கி, கட்டில் சக்கரம், ஆட்டம் கண்ட நாற்காலி எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. முகம் சுளிக்காமல் செய்தார்.

கட்டடம் பழையது. மாடியில் ஒரே வரிசையில் பதினாறு அறைகள். எதிர்ப்பக்கம் முற்றத்தைப் பார்த்த ஜன்னல்கள். ஒவ்வொரு கதவின் நெற்றியிலும் ஒரு வெள்ளை எனாமல் தகடு, அதில் கறுப்பு எழுத்தில் ரோமன் எண். கட்டியவர்களுக்கு அது அழகாகப் பட்டிருக்கும். வந்துபோகிறவர்களுக்குத்தான் பாடு. கீழே கவுண்டரில் "அறை 14" என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மாடிக்கு வந்தால் 14 எங்கேயும் இருக்காது, XIV இருக்கும். கையில் பழப் பையும் முகத்தில் கலவரமுமாக ஆட்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஆணி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அந்தக் கதவுகளைப் பார்த்துப் பார்த்தே ரோமன் எண்களைப் பிடித்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது விழித்தால் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வருவார்.

"ரொம்ப சுலபம்ங்க. பெருசுக்கு முன்னாடி சின்னது நின்னா கழிச்சுக்கணும், பின்னாடி நின்னா கூட்டிக்கணும். X பத்து. அதுக்கு முன்னாடி ஒரு கோடு இருந்தா ஒன்பது, பின்னாடி இருந்தா பதினொண்ணு. ரெண்டும் மாமியார் மருமக மாதிரி. ஒரே வீட்டு ஆளுங்கதான். யார் முன்னாடி நிக்கிறாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு."

கவலையோடு வந்தவர்கள்கூட இதைக் கேட்டு லேசாகச் சிரித்துவிட்டுப் போவார்கள். பெரிய சிஸ்டர், அதாவது மாடிக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ், "இவருக்கு ஒரு கரும்பலகை வாங்கிக் கொடுத்துடலாம்" என்று கேலி செய்வார்.

ஆணிக்கு நாற்பத்திரண்டு வயது நடந்தபோது அது நடந்தது.

கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தகடுகளைக் கழற்றி வைக்க வேண்டியது ஆணியின் வேலை. பதினாறையும் கழற்றி ஒரு மேஜையில் போட்டார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் சாதாரண எண்ணை எழுதினார். 9 என்று எழுதியதற்கு அடியில் ஒரு கோடும் போட்டார், 6 என்று யாரும் எடுத்துவிடக்கூடாதே என்று. அவ்வளவு ஜாக்கிரதை. தகடுகள் மேஜையில் எப்படிக் கிடந்தன, மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

பெயிண்ட் காய்ந்த பிறகு, ஒரு புதன்கிழமை காலையில் திரும்ப மாட்டினார். முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து அந்தந்தக் கதவுக்கு எடுத்துப்போவது, புரட்டி வைத்து மேலே ஒன்று கீழே ஒன்று ஸ்க்ரூ முடுக்குவது. சில தகடுகள் தலைகீழாக வந்தன. V கவிழ்ந்து கூரை மாதிரி நின்றதும் சிரித்துக்கொண்டு திருப்பினார். XII கவிழ்ந்தபோது கோடுகள் முன்னால் வந்து கோணலாகத் தெரிந்தது, அதையும் திருப்பினார். கவிழ்ந்தாலும் கோணலாகத் தெரியாத தகடுகள் சில உண்டு. அவற்றில் I, II, III, X ஆகியவை எப்படி மாட்டினாலும் அதுவேதான். மிச்சம் இரண்டு. ஒன்பதைக் கவிழ்த்தால் பதினொன்று. பதினொன்றைக் கவிழ்த்தால் ஒன்பது. பென்சில் எண்ணை நம்பி அவர் அந்த இரண்டையும் மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஒன்பதாம் அறைக் கதவில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. கட்டிலில் ஒரு வயதான தையல்காரர் படுத்திருந்தார். வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் கைவிட்ட கேஸ். முகம் வற்றிப்போய் மூக்கு மட்டும் எடுப்பாகத் தெரிந்தது.

"தம்பி, என் பையன் இன்னிக்கு வர்றான். பதினெட்டு வருஷம் ஆச்சு."

ஆணியின் உதட்டில் ஸ்க்ரூ இருந்தது. "ம்" என்றார்.

"நான்தான் வெளிய போடான்னு சொன்னேன். வந்தான்னா நேரா உள்ள வரச் சொல்லு. தட்டிட்டு வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லு. என்ன?"

ஆணி ஸ்க்ரூவைக் கையில் எடுத்துக்கொண்டு, "வந்துடுவார்ங்க. இதோ நம்பர் மாட்டிட்டேன், நேரா வந்து சேர்ந்துடுவார்" என்றார். தையல்காரர் தலையைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

மகன் ஒன்றரை மணிக்கு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, சட்டைப் பையில் இரண்டு பென்சில்கள், தோளில் பயணப் பை. மாடிப்படி பன்னிரண்டாம் அறைக்குப் பக்கத்தில் வந்து முடியும். அவர் XII-ஐத் தாண்டி அடுத்த கதவின் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு, சற்றுத் தள்ளி ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்து, "ஒன்பது?" என்றார்.

ஆணி நிமிர்ந்தார். தகட்டில் IX என்று இருந்தது. பதினைந்து வருஷமாக அந்த வரிசையில் நடந்த கால்கள் அவருடையவை. கதவைப் பார்த்திருந்தால் அது பதினொன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். ஆனால் அவர் தகட்டைத்தான் பார்த்தார். தலையாட்டினார்.

மகன் கதவைத் தட்டினார். பதில் வராததால் கொஞ்ச நேரம் நின்றார். அப்போதாவது ஆணிக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகன் தானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

அந்த அறையில் கிடந்தவர் ஒரு பழைய பஸ் கண்டக்டர். படியில் விழுந்து மண்டையில் அடிபட்டவர். தலையையும் தாடையையும் சுற்றிக் கட்டு, மூக்கின் மேல் ஆக்சிஜன் மூடி, வீங்கிய இமைகள். பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் சொல்ல முடியாத முகம். அப்பாவுக்கு என்ன நோய் என்று மகனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை யாரும் கிடையாது.

ஜன்னலை இழைத்துக்கொண்டிருந்த ஆணிக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. "அப்பா, அப்பா" என்று ஒரு பெரிய ஆள் குழந்தை மாதிரி கேவுகிற சத்தம். ஆணிக்கே நெஞ்சு இளகிவிட்டது. பரவாயில்லை, சமயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்தார். பணியில் இருந்த சின்ன நர்ஸும் ஒருமுறை அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனுக்கும் தேடி வர ஒரு ஆள் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. நர்ஸ் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு மரப்பெட்டி உண்டு. நோயாளி கட்டிலோரப் பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கும், அந்த அறையின் எண் எழுதிய சின்ன மூடி டக்கென்று விழும். அந்தப் பெட்டியில் மட்டும் சாதாரண எண்கள். ஆணி திரும்பிப் பார்த்தார். 9 விழுந்திருந்தது. மேஜையில் யாரும் இல்லை. சின்ன நர்ஸ் பதினாலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு, அதான் மகன் பக்கத்திலேயே இருக்கிறாரே, தண்ணீர் கிண்ணி வேண்டுமென்றால் அவரே எடுத்துக் கொடுப்பார் என்று இழைப்பைத் தொடர்ந்தார்.

மணி இரண்டாவது தடவையும் அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து சின்ன நர்ஸ் ஒன்பதாம் அறைக்குப் போனபோது தையல்காரர் போயிருந்தார். தலை கதவுப் பக்கமாகவே திரும்பியிருந்தது. கண்ணை மூடிவிட ஆள் இல்லை.

பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். கீழே கவுண்டருக்கு ஆள் போனது. "பையன் வந்து ஒன்றரை மணி நேரம் ஆச்சே, மேலதானே அனுப்பினோம்" என்று பதில் வந்தது. சின்ன நர்ஸுக்குச் சட்டென்று பொறி தட்டியது. இருவருமாகப் போய்ப் பதினொன்றாம் அறைக் கதவைத் திறந்தார்கள்.

"நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?"

"எங்க அப்பாவை. இப்பதான் என் கையை அழுத்தினாரு. நான் பேசினதெல்லாம் அவருக்குக் கேக்குது சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இவருக்கு யாரும் கிடையாதுப்பா" என்றார்.

அவரை ஒன்பதாம் அறைக்கு அழைத்துப்போனார்கள். அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தை ஆணி பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. அவர் வராந்தாவில் தனியாக நின்று கதவுகளின் நெற்றியை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டு. பதினொன்று. பத்து. ஒன்பது. பன்னிரண்டு.

அடுத்துச் செய்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. ஸ்டூலை இழுத்தார். பதினொன்றாம் கதவில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினார், திருப்பினார், முடுக்கினார். ஒன்பதாம் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எல்லோரும் கட்டிலைச் சுற்றி அவருக்கு முதுகு காட்டி நின்றார்கள். அவர்கள் தலைக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் நின்று அதையும் திருப்பினார். இரண்டுக்கும் சேர்த்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. வேலை நிரந்தரமாகும் காகிதம் அந்த மாதம்தான் கையெழுத்துக்குப் போயிருந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தபோது எல்லாத் தகடும் சரியாக இருந்தது.

"இது நிறைய பேருக்குக் குழம்புறதுதான். ஒன்பதும் பதினொண்ணும் ஒரே எழுத்துங்க. அவசரத்துல மாத்திப் படிச்சிருக்கீங்க" என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

மகன் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அச்சகத்துல ப்ரூஃப் ரீடர் சார். எழுத்துக்கு எழுத்து பார்க்கறதுதான் என் வேலை" என்றார். பிறகு திரும்பி ஆணியைக் கை காட்டினார். "நான் இவரைக் கேட்டேனே. ஒன்பதான்னு கேட்டேன். இவர் தலையாட்டினார்."

எல்லோரும் ஆணியைப் பார்த்தார்கள்.

"இழைச்சிட்டிருந்தேன் சார். அவர் கேட்டது எனக்குக் காதுல விழல" என்றார் ஆணி.

மகன் மேலும் வாதாடவில்லை. போய் அந்தக் கதவின் கீழே நின்று, காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். X, பிறகு ஒரு கோடு. மறுபடி X, மறுபடி ஒரு கோடு. "அப்ப நான்தான் தப்பா படிச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பதாம் அறையைக் கழுவி, மூன்று நாள் காலியாகப் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மணி அடித்தது. ஆணி வராந்தாவில் இருந்தார். 9 விழுந்திருந்தது. போய்க் கதவைத் திறந்து பார்த்தார். மெத்தை சுருட்டி வைத்திருந்த கட்டில், மூடிய ஜன்னல், வெயில். பொத்தான் கம்பியோடு கொக்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"சுவர்ல ஈரம் இறங்குது, கம்பி ஒட்டிக்கும்" என்றார் பெரிய சிஸ்டர். ஆணியே கம்பியைப் பிரித்துப் பார்த்தார். ஈரம் இல்லை. புதுக் கம்பி போட்டார். அடுத்த மாதம் மறுபடி விழுந்தது. எப்போதாவதுதான் விழும், மாதம் ஒருமுறை, சில சமயம் நாலு மாதத்துக்கு ஒருமுறை. அறையில் நோயாளி இருந்தால், "நான் அமுக்கலையே" என்பார். மற்றவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். ஆணி ஒவ்வொரு தடவையும் போனார். என்ன வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் உள்ளே நின்றுவிட்டு வருவார்.

போன உயிர் ஒரு பக்கம் என்றால், பிழைத்த உயிர் இன்னொரு பக்கம். கண்டக்டர் மெல்லத் தேறினார். தாடைக் கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் கேட்டது அந்த மகனைத்தான்.

"அந்தப் புள்ளை மறுபடி வந்தானா? அப்பா அப்பான்னு கூப்பிட்டான். எனக்குக் கண்ணு திறக்கல, வாய் வரல. நீ வேற ஆள்கிட்ட பேசறேப்பான்னு சொல்லணும்னுதான் கையை அழுத்தினேன். அவன் என்னடான்னா இன்னும் கெட்டியா பிடிச்சுக்கிட்டான்."

கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போட வந்த ஆணி குனிந்தபடியே இருந்தார்.

"என்னென்னமோ சொன்னான்" என்றார் கண்டக்டர். "எனக்குச் சொன்னதில்லையே அதெல்லாம். நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனார். ஆணி அந்த மூன்று வாரமும் பதினொன்றாம் அறைப் பக்கம் போக நேரும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமல்தான் போனார்.

அவர் பேச்சு குறைந்துபோனது. ரோமன் எண் விளக்கம் சொல்வதை அடியோடு விட்டுவிட்டார். சீட்டோடு யாராவது விழித்தால், வாயைத் திறக்காமல் கூடவே நடந்துபோய், கதவைத் திறந்து, உள்ளே இருப்பவரிடம் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே வந்தவரை உள்ளே விடுவார். "ஆணி ரொம்பப் பொறுப்பான ஆளாயிட்டாரு" என்று பெரிய சிஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டால் அவர் அங்கிருந்து நகர்ந்துவிடுவார்.

வீட்டில் ரோமன் எண் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். மனைவி கேட்டதற்கு, "ஓடல" என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். சாப்பிட உட்கார்ந்தால் வாசலைப் பார்த்து உட்கார்வார். பேச்சு நடுவில் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பும்.

"என்னங்க, யாரை எதிர்பார்க்கறீங்க?"

"யாரையும் இல்ல."

"அப்ப எதுக்குக் கதவையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்கீங்க? கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல என்னைக்கூட இப்படிப் பார்த்ததில்ல நீங்க."

மனைவி சிரித்தாள். அவருக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

இப்படி ஏழு வருஷம் போனது. வேலை நிரந்தரமாயிற்று. மகள் படிப்பை முடித்தாள். பழைய பெரிய டாக்டர் ஓய்வு பெற்று, புதியவர் வந்தார். வந்தவர் முதல் வேலையாக அந்த எனாமல் தகடுகளைத் தூக்கிவிட்டுச் சாதாரண எண் போட்ட பிளாஸ்டிக் பலகை மாட்டச் சொன்னார். "நோயாளியோட சொந்தக்காரங்களுக்குப் பரீட்சையா வைக்கிறோம் இங்க?" என்றாராம்.

கழற்றுகிற வேலை ஆணிக்கே வந்தது. ஒன்றாம் கதவில் தொடங்கி எட்டு வரை கடகடவென்று கழற்றினார். ஒன்பதாவதன் ஸ்க்ரூக்கள் எளிதாக இளகிவிட்டன. தகட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தில் பென்சில் 9 அப்படியே இருந்தது, தலைகீழாக, அடிக்கோடு தலைக்கு மேலே வந்து கூரை போல் நிற்க. ஏழு வருஷமாக வெளியே அந்தத் தகடு ஒழுங்காக நின்றிருந்தது. உள்ளே கதவோடு ஒட்டிக்கொண்டு இது இப்படி நின்றிருக்கிறது. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தகட்டை மட்டும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. முழுவதும் கேட்டுவிட்டு, கீரையைத் தள்ளி வைத்தாள்.

"தகட்டை மாத்தி மாட்டினது கை தப்பு. அது யாருக்கும் நடக்கும்" என்றாள் கடைசியில். "ஆனா அந்த மனுஷன் முன்னாடி நின்னு, காதுல விழலன்னு சொன்னீங்களே. அது கை தப்பு இல்லீங்க."

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கேட்க வேண்டியவன் எங்க இருக்கானோ, அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

பழைய சேர்க்கைப் பதிவேட்டில் மகன் வேலை பார்த்த அச்சகத்தின் முகவரி இருந்தது. ஐந்து மணி நேரப் பயணம். ஆணி போய் இறங்கியபோது அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மை வாசனை. ப்ரூஃப் பார்க்கிற மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆணி விசாரித்ததும் அவள் பின்பக்கம் கை காட்டினாள்.

அங்கே மகன் தோளில் காகிதக் கட்டு சுமந்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. சட்டைப் பையில் பென்சில் இல்லை.

"நீங்க ப்ரூஃப் பார்க்கறவர்தானே?" என்றார் ஆணி. வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பார்த்துட்டிருந்தேன். இப்ப இல்ல. ரெண்டெழுத்தை ஒழுங்கா படிக்கத் தெரியாதவன் புஸ்தகம் திருத்தலாமா?" சாதாரணமாகச் சொன்னார், பலமுறை பலரிடம் சொல்லிப் பழகிய பதில் போல. பிறகு ஆணியின் முகத்தை உற்றுப் பார்த்தார். கட்டைக் கீழே இறக்கினார். "நீங்க அந்த ஜன்னல் ஆள்."

ஆணி துணியைப் பிரித்துத் தகட்டை அவர் கையில் கொடுத்தார். நின்றபடியே சொன்னார். கழற்றியது, பென்சிலால் எழுதியது, மாட்டியது, தலையாட்டியது, மணி அடித்தும் போகாதது, திருப்பியது, பொய் சொன்னது. தான் செய்த ஒன்றையும் விடவில்லை.

மகன் தகட்டை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். IX. அரைச்சுற்று. XI. மறுபடி அரைச்சுற்று. அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று ஆணியால் படிக்க முடியவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். அடி விழவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சேன்" என்றார் மகன்.

"ஆமாங்க. நீங்க சரியாத்தான் படிச்சீங்க."

"ஏழு வருஷம். எம் பொண்ணு நோட்டை நீட்டி, அப்பா இது சரியா பாருங்கன்னு கேட்பா. அம்மாகிட்டக் காட்டும்மான்னு சொல்லிடுவேன். பஸ்ல ஏறினா நம்பரை நாலு பேர்கிட்டக் கேட்டுட்டு ஏறுவேன். தெரியுமா உங்களுக்கு?"



மகன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "எழுதிக் கொடுங்க. இப்ப வாயால சொன்னதெல்லாம்."

ஆணி எழுதினார். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஒரு பக்கமும் கொஞ்சமும் வந்தது. எழுதி முடித்து, பதிவேட்டில் உள்ள தன் சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு நீட்டினார். மகன் வாங்கிப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியில் நின்றார். அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய்ச் சிவப்புப் பென்சிலை எடுத்து வந்தார். விட்டுப்போன ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்தார். அதிகமாக இருந்த ஒரு துணைக்காலை அடித்தார். "திருப்பிணேன்" என்று இருந்ததைத் "திருப்பினேன்" என்று ஆக்கினார். கண்ணிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது, கை மட்டும் அதுபாட்டுக்கு வரிக்கு வரி நகர்ந்தது. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடித்ததும், "காலையில எங்க அப்பாவைப் பார்த்தீங்களா நீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஆணி அந்தச் செய்தியைச் சொன்னார். நேரா உள்ள வரச் சொல்லு, தட்டிட்டு வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லு.

மகன் எழுந்து வெளியே போய்விட்டார். ஆணி ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் திரும்பி வரவில்லை.

அந்தத் தாளில் இருந்ததை ஆணி இன்னொரு தாளில் எழுதிப் புதிய பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்துவிட்டு ஃபைலைத் தேடச் சொன்னார். ஃபைல் கிடைக்கவில்லை. அன்றைக்கு இருந்தவர்களில் பெரிய சிஸ்டர் காலமாகிவிட்டார். சின்ன நர்ஸ் எங்கோ கடல் தாண்டிப் போய்விட்டாள். "இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? நீங்க வேலையைப் பாருங்க" என்றார் டாக்டர். ஆணி தயங்கி நின்றார். ஒரு மெமோவாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தார். இனி இதற்காகத் தன்னைத் தண்டிக்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை என்பது அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் ஆணியின் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"நான் உங்களை மன்னிக்க வரல" என்றார். "அன்னிக்குக் காலைல நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க."

ஆணி சொன்னார். எத்தனை மணி, கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் திறந்திருந்ததா, அப்பா எப்படிக் கூப்பிட்டார். மகன் கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்து, அரைமணி உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுபடி ஐந்து மணி நேரம் பயணம் செய்து போவார். நலமா என்றுகூட ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. அச்சகத்தில் மறுபடி ப்ரூஃப் மேஜைக்கு வந்துவிட்டதாக ஒருமுறை வாசலில் ஆணியின் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

வருஷக்கணக்கில் அது நடந்தது. ஆணி ஓய்வு பெற்றார். கண்ணில் புரை விழுந்து எடுத்தார். சொல்லிச் சொல்லி அந்தக் காலை அவர் வாயில் வழவழவென்று தேய்ந்துவிட்டது. மகனோ எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவர்.

"போர்வை நீலம்னீங்க."

"ஆமா, நீலம்."

"போன தடவை வெள்ளைன்னு சொன்னீங்க."

ஆணி கண்ணை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் போய் நின்று பார்த்தார். கட்டில் தெரிந்தது. மூக்கு தெரிந்தது. போர்வை இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சொன்னோம், எதை இட்டு நிரப்பினோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றார். "நானாத்தான் சேர்த்திருக்கேன் போல. இன்னும் எதெல்லாம் சேர்த்தேனோ."

மகன் முதல் தடவையாக, ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பரவாயில்ல. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்றார். "குறைஞ்சாலும் சரி. முதல்லேருந்து."

ஆணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அந்தத் தடவை கதை சின்னதாக இருந்தது.